ஒரு பெயரின் வேரைத் தேடிப் போவது எப்படி? முதல்முறை தேடுபவர்களுக்கு

எங்கள் தெருவில் மூக்காயி என்று ஒரு பாட்டி இருந்தார். மூக்கு எடுப்பாக இருந்ததால்தான் அந்தப் பெயர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பல வருடம் கழித்து ஒருநாள் திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டே அவராகச் சொன்னார்: "எனக்கு முன்னாடி மூணு புள்ளைங்க தங்கல. நான் பொறந்ததும் குப்பைமேட்டுல ஒரு தடவ கெடத்தி எடுத்து, மூக்கக் குத்திட்டாங்க. எமன் வந்து பாத்தா, இது பின்னமான புள்ளன்னு விட்டுட்டுப் போயிடுவானாம்."

அகராதியில் தேடினால் மூக்கு என்ற சொல்லுக்கு மூக்கு என்றுதான் பொருள் கிடைக்கும். மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் பயம் அதில் கிடைக்காது. ஒவ்வொரு பெயருக்கும் இப்படி இரண்டு பொருள் உண்டு: சொல்லுக்குள்ள பொருள் ஒன்று, வைத்தவர் மனதில் இருந்த பொருள் இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் பெயர்ப் பட்டியல்கள் முதலாவதை அரைகுறையாகச் சொல்கின்றன. பாதிப் பெயர்களுக்கு 'அழகு', மீதிப் பெயர்களுக்கு 'தலைவன்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இரண்டாவது பொருள் அங்கே இருக்கவே இருக்காது.

உங்கள் பெயரையோ உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயரையோ சரியாகத் தெரிந்துகொள்ள விரும்பினால், நான் பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன். தமிழ்ப் பெயர்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதலில் பெயரைத் தமிழ் எழுத்தில் முழுதாக எழுதுங்கள்

இது ஒரு வேலையா என்று தோன்றும். ஆனால் பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது. இப்போது ஒருவருடைய பெயர் பெரும்பாலும் அட்டையில் அச்சடித்த ஆங்கில எழுத்தில்தான் கைக்கு வருகிறது. ஆங்கிலத்துக்கு ல, ள, ழ வேறுபாடு தெரியாது, குறில் நெடில் தெரியாது. வல்லியும் வள்ளியும் அங்கே ஒன்றாகிவிடும். அமுதவல்லி, மரகதவல்லி என்பதில் வரும் வல்லி, பொதுவாகக் கொடி. வள்ளி என்றால் முருகனின் வள்ளி. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை என்று கதை சொல்கிறது. ஓர் எழுத்து மாறினால் கதையே மாறிவிடுகிறது.

சரியான எழுத்து எங்கே கிடைக்கும்? பழைய நிலப் பத்திரம், ஜாதகக் குறிப்பு, கல்யாணப் பத்திரிகை, சுவரில் மாலை போட்டு மாட்டிய படத்தின் கீழே எழுதிய வரி. இவற்றில் ஒன்று எப்படியும் வீட்டில் இருக்கும். தலைப்பெழுத்தையும் விரித்து எழுதுங்கள். ம.பொ.சி. என்றால் மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம். ஊர், தகப்பன், மகன் மூன்றும் அந்த மூன்றெழுத்துக்குள் இருக்கின்றன. உங்கள் தாத்தாவுக்கு இரண்டு தலைப்பெழுத்து இருந்து, இப்போது உங்களிடம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்றால், போன எழுத்து ஊரின் எழுத்தாக இருக்கலாம். அதை விசாரியுங்கள், பின்னால் பெரிதும் உதவும்.

அப்புறம், கூப்பிடுகிற பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். உ.வே.சாமிநாதையருக்கு வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். கூப்பிட்டதோ சாமா என்று. பாடம் கேட்கப் போன இடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வேறு பெயர் ஏதும் உண்டா என்று கேட்டார். சாமா என்பது சாமிநாதன் என்பதன் சுருக்கம் என்று தெரிந்ததும் அப்படியே அழைக்கத் தொடங்கினார். தமிழுலகம் கடைசிவரை வைத்துக்கொண்டது அந்தப் பெயரைத்தான். சான்றிதழில் உள்ள பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் இப்படிப்பட்ட பாதை கண்ணில் படாமலே போய்விடும்.

அகராதியைத் திறக்கும் முன் வீட்டில் கேளுங்கள்

வீட்டில் உள்ள மூத்தவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ள அனுமதி கேளுங்கள். 'இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்' என்று கேட்காதீர்கள். 'அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா' என்று பதில் வரும். 'இது யார் பெயர்?' என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வியை முதலில் வைக்கக் காரணம் உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபு. பேத்தி, பெயர்த்தி. பாட்டன் பெயரையும் பாட்டி பெயரையும் தாங்குபவர்கள் என்பதால்தான் உறவுமுறைக்கே அந்தப் பெயர் வந்தது. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்புவது தமிழ்க் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். ஆகவே உங்கள் அப்பா பெயர் சுப்பையா என்றால், அதன் காரணத்தை அவர் பிறந்த வருடத்தில் தேட வேண்டாம். கொள்ளுத்தாத்தாவிடம் போக வேண்டும்.

இதிலேயே ஓர் அழகான சிக்கலும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது அந்தக் கால மரியாதை. பிள்ளைக்கு அதே பெயரை வைத்துவிட்டால் எப்படிக் கூப்பிடுவது? அதனால் ஏட்டில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயருமாக வளர்ந்தவர்கள் ஏராளம். அப்பாவு, ஐயாவு, ஐயாக்கண்ணு, அப்பாசாமி போன்ற பெயர்களைப் பார்த்தால் இதை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். 'அப்பா' என்ற சொல்லைப் பெயராக வைத்ததற்குப் பின்னால், உச்சரிக்க முடியாத ஒரு மாமனார் பெயர் ஒளிந்திருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: 'எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டது?' மூன்றாவது: 'இவருக்கு முன்னால் பிறந்தவர்கள் உண்டா?' இந்த மூன்றாவதை மெதுவாகக் கேளுங்கள். குப்பன், குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, பிச்சைமுத்து, மண்ணாங்கட்டி, மூக்கன் போன்ற பெயர்கள் பல வீடுகளில் இறந்த குழந்தைகளின் அடையாளம். குப்பையில் கிடத்தி எடுப்பது, அக்கம்பக்கத்தாருக்குத் தவிட்டுக்கு விற்று வாங்குவது, பிச்சையாகக் கொடுத்துப் பெறுவது என்று சடங்குகள் ஊருக்கு ஊர் வேறுபடும். கருத்து ஒன்றுதான்: மதிப்பில்லாத பொருளாகக் காட்டினால் சாவு தொடாது. இந்தப் பெயர்களை யாராவது கேலி செய்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை. பிள்ளையை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று தவித்த தாய் தகப்பன் வைத்த பெயர்கள் இவை.

போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்களும் உண்டு. வரிசையாகப் பெண்கள் பிறந்த வீட்டில் அடுத்தது ஆணாக வரட்டும் என்று வைத்தவை. அந்தப் பெயரைச் சுமந்தவரிடம் நேராகக் காரணம் கேட்க வேண்டாம். அவருக்குக் காரணம் நன்றாகவே தெரியும்.

பெயரின் ஈற்றையும் கவனியுங்கள். ஒரே தலைமுறையில் ஒரு தெருவில் கருப்பசாமியும் இன்னொரு தெருவில் வெறும் கருப்பனுமாக இருந்தால், அதற்குப் பின்னால் சாதி நிற்கிறது. 'சாமி' என்ற மரியாதை ஈற்றை எல்லோரும் வைத்துக்கொள்ள ஊர்ப் பெரியதனக்காரர்கள் விட்டதில்லை. வைத்தாலும் கூப்பிட்டதில்லை.

இன்னொரு காரணம் பஞ்சாங்கம். நட்சத்திரத்தின் நான்கு பாதங்களுக்கும் நான்கு எழுத்து சொல்வார்கள். அசுவினிக்கு சு, சே, சோ, லா; ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. கடந்த சில பத்தாண்டுகளில் வைத்த பெயர் என்றால் முதலெழுத்து பெரும்பாலும் இங்கிருந்து வந்திருக்கும். அப்படியானால் 'ஏன் இந்தச் சொல்' என்பதற்குப் பதில் பாதி சோதிடத்தில் இருக்கிறது, அதற்கு மேல் வேர் தேடிக் களைத்துப் போக வேண்டாம்.

பெயரைப் பிரியுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள்

இப்போது கையில் சரியான எழுத்தும் கொஞ்சம் வீட்டுச் செய்தியும் இருக்கின்றன. அடுத்து பெயரைத் துண்டுகளாக்க வேண்டும். சாமி, அப்பன், ஆயி, அம்மாள், நாயகி, முத்து, கண்ணு, வேல், நாதன், ஈசன், இந்திரன், தாசன் போன்ற ஈறுகளைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சொல் தெரியும். வடமொழிப் பெயர் என்றால் உயிரெழுத்துகள் கலந்திருக்கும்: கண + ஈசன் கணேசன், ராஜ + இந்திரன் ராஜேந்திரன், ரமா + ஈசன் ரமேசன். இந்த 'ஏ'யை அடையாளம் கண்டுகொண்டால் தினேஷ், சுரேஷ், மகேஷ் எல்லாம் தானாகப் பிரியும்.

தவறாகப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று பெயர்கள் சொல்கிறேன்.

ஏகாம்பரம். ஏக + அம்பரம் என்று பிரித்து 'ஒற்றை ஆடை' என்றோ 'ஒரே வானம்' என்றோ பொருள் சொல்பவர்கள் உண்டு. இது காஞ்சிபுரத்துப் பெயர். கோயிலின் தலமரம் மாமரம். ஆம்ரம் என்றால் மா. ஏக + ஆம்ரம், ஒற்றை மாமரத்தடியில் இருப்பவர். தேவாரத்தில் இது ஏகம்பம் என்று வரும். மாமரத்தைத் தெரியாமல் இந்தப் பெயரைப் பிரிக்கவே முடியாது.

பஞ்சாபகேசன். பஞ்சாபோடு தொடர்பா என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இது திருவையாற்றுப் பெயர். பஞ்ச + ஆபகா + ஈசன். ஆபகா என்றால் ஆறு. ஐந்து ஆறுகளின் ஈசன், அதாவது ஐயாறப்பன். வியப்பு என்னவென்றால், பஞ்சாப் என்ற பாரசீகப் பெயருக்கும் ஐந்து நீர் என்றுதான் பொருள். பொருள் ஒன்று, வழி வேறு. ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டிவிடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிசிராந்தை. கோப்பெருஞ்சோழனின் நண்பரான சங்கப் புலவர். 'ஆந்தை' என்றதும் பறவை நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆதன் + தந்தை சேர்ந்தால் ஆந்தை என்றாகும் என்று தொல்காப்பியம் இலக்கணமே சொல்கிறது. அதேபோல் பூதன் + தந்தை பூந்தை. ஆக, பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த, ஆதனின் தந்தை. மகன் பெயரால் தகப்பனை அழைத்திருக்கிறார்கள். 'இன்னாருடைய அப்பா' என்று நாம் இன்றும் தெருவில் கூப்பிடுவதுதான் இது! அந்த ஆதன் என்ற பெயர் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்பிராமி எழுத்தில் கீறியிருக்கிறது. தன் பானை என்று அடையாளம் வைக்க யாரோ எழுதிய பெயர். அதைப் படத்தில் பார்த்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

எழுத்தை வைத்து ஒரு முதற்சோதனை

ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் பழைய நூல்களில் இராமன், இலக்குமி, அரங்கன் என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஜ, ஷ, ஸ, ஹ இருந்தாலோ, ப்ரியா, ஸ்ருதி போல முதலிலேயே இரண்டு மெய்யொலிகள் மோதினாலோ, அந்தப் பெயர் வெளியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனை ஒருபக்கம்தான் வேலை செய்யும். சோதனையில் தேறிவிட்டதாலேயே ஒரு பெயர் தமிழாகிவிடாது. கமலா, குமார், மாலதி, வனிதா எல்லாம் எழுத்தளவில் தேறும்; வேர் வடமொழி. நெடுங்காலம் தமிழ் நாவில் புழங்கித் தேய்ந்த பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். கண்ணன் என்றதும் கண்ணழகு நினைவுக்கு வரும். ஆனால் கடவுள் பெயரான கண்ணன், கிருஷ்ணன் என்பதன் பிராகிருத வடிவமான கண்ஹ என்பதிலிருந்து வந்தது. லக்ஷ்மணன் இலக்குவன் ஆனான். விஷ்ணு விண்டு ஆனான். யக்ஷி இயக்கியாகி, தென்மாவட்டங்களில் இசக்கி ஆனாள். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே மாதரி பால் படைத்து வணங்கிவிட்டு வருவது ஓர் இயக்கியைத்தான். திருநெல்வேலிப் பக்கம் இசக்கிமுத்து, இசக்கியம்மாள் என்று பெயர் வைப்பவர்களுக்கு இத்தனை நீளமான பின்கதை இருக்கிறது.

இப்போது அகராதி

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் ஒரு பின்னிணைப்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் இலவசமாகத் தேடலாம். சொல்லுக்குப் பக்கத்தில் இடப்பக்கம் பார்த்த அம்புக்குறி போல ஓர் அடையாளம் இருந்தால், அதற்குப் பின்னால் வருவது மூலச்சொல். பல பொருள் கொடுத்திருந்தால் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முருகு என்று தேடினால் இளமை, அழகு, மணம் என்று வரிசையாக வரும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக்கூடாது.

அடுத்து பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, இரண்டாம் பதிப்பு 1984. அதே தொகுப்பில் இதுவும் இருக்கிறது. உங்கள் சொல்லுக்குக் கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் உறவுச்சொற்கள் உண்டா என்று இதில் தெரியும். வடசொல் என்று தோன்றினால் மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதியை (1899) பாருங்கள். தேவநேயப் பாவாணர் பொறுப்பில் 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலியும் உண்டு. மற்றவர்கள் வடசொல் என்று விட்ட பல சொற்களுக்கு அது தமிழ் வேர் காட்டும். ஒன்றை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வராமல் எதிரெதிரே வைத்துப் படியுங்கள். எங்கே மாறுபடுகிறார்களோ அங்கே இரண்டு கருத்தையும் குறித்து வையுங்கள்.

அகராதியைக் கையாளும் முறைக்கு மீனாட்சியை எடுத்துக்கொள்வோம். மீன + அக்ஷி, மீன்போன்ற கண்ணுடையவள். பார்த்தால் முழுக்க வடமொழிப் பெயர். ஆனால் மீன் என்பது திராவிட மொழிகளின் சொல், அங்கிருந்து சமஸ்கிருதத்துக்குப் போனது என்பது மொழியியலாளர்களின் பரவலான முடிவு. அதாவது இங்கிருந்து போன சொல் அங்கே ஒரு கண்ணைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. அவளுக்கே இன்னொரு பெயர் அங்கயற்கண்ணி: அம் + கயல் + கண் + இ. அழகிய கயல்மீன் போன்ற கண்ணாள். 'இது தமிழா வடமொழியா' என்று ஒரே சொல்லில் பதில் கேட்பவர்களிடம் நான் இந்தப் பெயரைத்தான் காட்டுவேன்.

ஊரைப் பிடித்தால் பெயர் வசப்படும்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான். தமிழ்நாட்டில் பழைய பெயர்களில் பெரும்பங்கு ஏதோ ஒரு கோயிலின் சாமி பெயர். ஆகவே பெயரைக் கேட்டால் குலதெய்வமோ பூர்வீகமோ எந்தப் பக்கம் என்று ஓரளவு ஊகிக்க முடியும். சொக்கலிங்கம், மீனாட்சி என்றால் மதுரை. நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி. கோமதி, சங்கரலிங்கம் என்றால் சங்கரன்கோவில். வைத்தியநாதன், தையல்நாயகி என்றால் வைத்தீஸ்வரன்கோயில். தியாகராஜன், கமலாம்பாள் திருவாரூர். அபிராமி திருக்கடையூர். அகிலாண்டம் திருவானைக்காவல். ராஜகோபாலன், செங்கமலம் மன்னார்குடி. வானமாமலை நாங்குநேரி. அர்த்தநாரியும் செங்கோட்டுவேலும் திருச்செங்கோடு. அவிநாசிலிங்கம், மருதாசலம் கொங்குப் பக்கம். கடல் தாண்டினால் கோணேசரும் மாதுமையும் திருகோணமலை, கதிர்காமநாதன் கதிர்காமம், நல்லைநாதன் யாழ்ப்பாணத்து நல்லூர்.

பெரிய கோயில்கள் மட்டுமல்ல. சுடலை, பேச்சி, முனியாண்டி, கருப்பு, காத்தான், சொரிமுத்து எல்லாம் ஊர்க்காவல் தெய்வங்கள். இந்தப் பெயர்களுக்கு அகராதியைவிடக் குலதெய்வக் கோயில் பூசாரி நல்ல ஆள். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகும்போது கேளுங்கள், வில்லுப்பாட்டில் அந்தச் சாமியின் கதை முழுதாகக் கிடைக்கும்.

கோயில் தெரிந்ததும் செய்ய வேண்டிய அடுத்த வேலை, அதே சாமிக்குத் தமிழில் ஒரு பெயரும் வடமொழியில் ஒரு பெயரும் இருக்கிறதா என்று பார்ப்பது. பெரும்பாலும் இருக்கும், ஒன்று மற்றொன்றுக்கு உரை போல அமையும். திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர், மாத்ருபூதேசுவரர். பிரசவத்துக்கு வர வேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் வர முடியாமல் போக, சிவன் தாய் வடிவில் வந்து பார்த்துக்கொண்டார் என்ற கதை. மாத்ருபூதம் என்ற பெயரைக் கேட்டு 'என்ன பூதமா?' என்று திகைப்பவர்களிடம் 'தாயுமானவன் என்று அர்த்தம்' என்று சொன்னால் முகமே மாறிவிடும். திருவையாற்றில் தர்மசம்வர்த்தினி, அறம்வளர்த்தநாயகி. நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி, கருந்தடங்கண்ணி. திருவண்ணாமலையில் அபீதகுசாம்பாள், உண்ணாமுலை. வடமாவட்டங்களில் உண்ணாமுலை என்று பெயருள்ள மூத்த பெண்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் கூச்சப்பட்டுப் பெயரைச் சுருக்கிக்கொண்டவர்களும் இருக்கலாம். உலகுக்கே தாயானவள் எந்தப் பிள்ளைக்கும் பாலூட்டிப் பெற்ற தாயாக ஆகவில்லை என்பது அந்தப் பெயரின் உட்பொருள். கூச்சப்பட அதில் ஒன்றுமே இல்லை.

சர்ச் வழி வந்த பெயர்கள்

தமிழ்க் கத்தோலிக்கப் பெயர்களைத் தேடும்போது பலர் பைபிள் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். அருளப்பன், சின்னப்பன், முடியப்பன் என்பவற்றைப் பார்த்தால் சாதாரணத் தமிழ்ப் பெயர்களாகத் தெரியும். அவை மொழிபெயர்ப்புகள். யோவான் என்றால் எபிரேயத்தில் கடவுள் அருளினார், அதனால் அருளப்பர். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர், அதனால் சின்னப்பர். ஸ்டீபன் என்றால் கிரேக்கத்தில் முடி, மகுடம், அதனால் முடியப்பர். மூன்று மொழிப் பெயர்களின் பொருளையும் பிடித்துத் தமிழில் வைத்திருக்கிறார்கள். சூசை என்றால் ஜோசப், ஒலியைத் தழுவியது. ஆனால் அதே ஜோசப்புக்கு 'அவர் பெருகச் செய்வார்' என்ற பொருளை வைத்து வளன் என்று ஒரு பெயர் உண்டு. வீரமாமுனிவரின் தேம்பாவணியில் சூசையப்பர் வளன்தான்.

தேவசகாயம் என்ற பெயருக்கும் இதேபோல் ஓர் ஆழம் உண்டு. லாசர் என்பது எலெயாசர் என்பதன் சுருக்கம், பொருள் 'கடவுள் துணை'; தேவசகாயம் அதன் மொழிபெயர்ப்பு. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், 1745இல் திருமுழுக்குப் பெற்றபோது வாங்கிய பெயர் அது. 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. குமரி மாவட்டத்தில் தேவசகாயம் என்று பெயருள்ளவரைக் கண்டால் லாசர் என்ற பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி என்றால் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா. அமலோற்பவம் என்றால் மாசில்லாமல் உற்பவித்தவள்: அ + மலம் + உற்பவம். சவேரிமுத்து என்ற பெயரை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். முத்து நம் சொல். சவேரி என்பது முத்துக்குளித்துறையில் 1542 முதல் ஊழியம் செய்த பிரான்சிஸ் சேவியர். சேவியர் என்பது ஸ்பெயினின் வடக்கே நவார் நாட்டில் அவர் பிறந்த கோட்டையின் பெயர், பாஸ்க் மொழியில் 'புது வீடு'. தூத்துக்குடிக் கரையில் ஒரு பரதவர் வீட்டுப் பிள்ளையின் பெயருக்குள் பைரனீஸ் மலையடிவாரத்து வீடு ஒன்று இருக்கிறது.

தமிழ் முஸ்லிம் பெயர்களுக்கு அரபு வேரைப் பிடிக்க வேண்டும். ஹ, ம, த் என்ற மூன்று மெய்களுக்குப் புகழ் என்று பொருள். முகம்மது, அகமது, மஹ்மூது, ஹமீது எல்லாம் அந்த ஒரே வேரின் கிளைகள். அப்துல் என்று மட்டும் ஒருவரைக் கூப்பிடுவது பாதிப் பெயர். 'அடியான்' என்று தொடங்கி யாருடைய அடியான் என்று சொல்லாமல் விட்டது போல. அப்துல் ரகுமான் என்றால் அருளாளனின் அடியான். நாகூர் மீரான், சாகுல் ஹமீது என்றால் நாகூர் தர்கா. மேலே கோயில்களுக்குச் சொன்ன ஊர்க் கணக்கு இங்கேயும் செல்லும். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயர் செய்கு அப்துல் காதிர். தமிழ் நாவு அதைச் சீதக்காதி ஆக்கிக்கொண்டது, 'செத்தும் கொடுத்தான்' என்று அந்தப் பெயரிலேயே போற்றுகிறது. பேச்சுவழக்கில் தேய்ந்த வடிவத்தைப் பிழை என்று திருத்தாமல் அப்படியே குறித்து வையுங்கள்.

மாற்றிய பெயர்கள், மரியாதைக்கு வைத்த பெயர்கள்

1916ஐ ஒட்டித் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபின் பலர் தங்கள் பெயரைத் தமிழாக்கினார்கள். வேதாசலம் மறைமலை ஆனார். அதற்கு முன்பே சூரியநாராயண சாஸ்திரி தம்மைப் பரிதிமாற்கலைஞர் என்று எழுதிக்கொண்டார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு துண்டு. உங்கள் குடும்பத்தில் அந்தத் தலைமுறையில் செழியன், அன்பழகன், மாறன் போன்ற பெயர் இருந்தால் அது பிறப்பில் வைத்ததா, பின்னால் மாற்றியதா என்று விசாரியுங்கள். மாற்றியது என்றால் பழைய பெயர் ஏதாவது சான்றிதழில் இருக்கும்.

ஸ்டாலின் என்றால் ரஷ்ய மொழியில் எஃகைச் சார்ந்த பெயர், காந்தி என்றால் குஜராத்தியில் வாசனைப் பொருளும் மளிகையும் விற்பவர், நேரு என்பது கால்வாயைக் குறிக்கும் நஹர் என்ற சொல்லின் வழி வந்த குடும்பப் பெயர். இந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைத்த தமிழ்த் தகப்பன்மார் எஃகையும் மளிகையையும் நினைத்து வைக்கவில்லை. இங்கே வீட்டுக் காரணம்தான் முழுப்பொருள். யாழினி, மகிழினி, ஓவியா போன்ற புதுப்பெயர்கள் நேர்மாறு. சொல்லே கண்முன் இருக்கிறது, வேர் தேட வேண்டியதில்லை, ஏன் பிடித்தது என்று பெற்றோரிடம் கேட்டு எழுதினால் போதும்.

எழுதி வையுங்கள்

ஒரு பெயருக்கு ஒரு பக்கம். நான் எழுதும் முறை இது. கடைசியாகச் செய்த பக்கத்தை அப்படியே தருகிறேன்.

பெயர்: பழமலை. கூப்பிட்டது: மலையா.
பிரிப்பு: பழ + மலை. 'பழ' என்பது இங்கே பழமை, கனி அல்ல.
ஊர்: விருத்தாசலம். பழைய பெயர் முதுகுன்றம். சாமி பழமலைநாதர்.
வடமொழி இணை: விருத்த + அசலம், முதிய மலை. அதே குடும்பத்தில் விருத்தாசலம் என்றும் ஒருவர் உண்டு. இருவருக்கும் ஒரே சாமி பெயர் என்பது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.
வைத்த காரணம்: தகப்பனாரைப் பெற்ற தாத்தாவின் பெயர். மாசிமகத்துக்கு மாட்டுவண்டி கட்டிப் போய் மொட்டை போட்டுப் பெயர் வைத்தது.
சந்தேகம்: தாத்தாவுக்கு முன் யாருக்கு இந்தப் பெயர் என்று தெரியவில்லை. பத்திரம் பெரியப்பா வீட்டுப் பரணில்.
சொன்னவர்: பெரிய அத்தை, வயது 81.
கேட்ட நாள்: மாட்டுப்பொங்கல் மாலை, மாடு குளிப்பாட்டி முடித்தபின்.